தாய்மாமன் சீர்

கருவேழ நாட்டை ஆண்ட கோளரிவேந்தனுக்கு ஒரே தங்கை. பெயர் வானவதி. வளைகுடாவுக்கு இக்கரையில் சங்குமேடு என்ற துறைமுக ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் காலமான பிறகும் அங்கேயே பெரிய வீட்டில் இருந்தாள். அக்கரையிலிருந்து அண்ணன் படகு படகாகப் பொருள்கள் அனுப்புவான். அவள் வாங்கி வைத்துக்கொள்வாள்.

அதே ஊரின் உப்பங்கழி ஓரத்தில்தான் கோளரிவேந்தனுக்குப் பயந்து ஓடி வந்தவர்களின் குடிசைகளும் இருந்தன. குடிசைகளுக்கு நடுவே ஒரு சின்ன மடம். அங்கே நீலாயி அம்மை இருந்தார். நாற்பது வயதுதான். வாய்விட்டுச் சிரிப்பார். இனிப்பு என்றால் அவருக்கு உயிர்.

அவருடைய சீடர் கொற்றவேல் அவரைவிட மூத்தவர். தலை முழுக்க நரைத்துவிட்டது. அக்கரையில் கல்வாரை என்ற ஊருக்குத் தலைவராக இருந்தவர். அந்த ஊர் அம்மனின் நகைகளை அள்ளிப்போக வேந்தனின் ஆட்கள் வந்தார்கள். கோயில் வாசலை மறித்து நின்றவர்களை எல்லாம் கட்டி இழுத்துப் போனார்கள். அவர்களில் கொற்றவேலின் தம்பி பூழியனும் ஒருவன். அன்றைக்குக் கொற்றவேல் ஒரு கன்றுக்குட்டி வாங்க வெளியூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். தப்பித்தவர் என்று ஊரார் சொன்னார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை.

வானவதியின் மகள் குமுதைக்குக் கல்யாணம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. முதல் நாள் சாயங்காலம் கொற்றவேல் மடத்துக்கு வந்தார். நீலாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒன்று கேட்க வேண்டும்."

"கேளுங்கள். இந்தக் காம்பையும் கொஞ்சம் கிள்ளுங்கள்."

கொற்றவேல் கீரையைத் தொடவில்லை. "வேந்தனை நம்மால் நெருங்க முடியாது. அவன் தங்கை நம் கண்ணெதிரே இருக்கிறாள். அவன் செய்ததற்கு அவள் பொறுப்பா, இல்லையா?"

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"பொறுப்புதான் என்று நினைக்கிறேன். நாளைக்கு மாப்பிள்ளை ஊர்வலத்தை மறிக்கப் போகிறோம். ஆளுக்கொரு கம்பு வெட்டி வைத்திருக்கிறோம்."

"கல்யாணப் பெண்?"

"அவளும் அந்த இரத்தம்தானே."

நீலாயி கீரையைச் சட்டியில் போட்டார். "கல்யாணத்தில் பாயசம் இருக்குமா?"

"பெரிய வீட்டுக் கல்யாணம். இருக்கும்" என்றார் கொற்றவேல் எரிச்சலோடு.

"அப்படியானால் ஊர்வலத்தை விடுங்கள். பந்தலுக்கே போவோம். எல்லாரும் குளித்துவிட்டு, இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு வாருங்கள்."

"நம்மை யாரும் அழைக்கவில்லையே அம்மா."

"கம்போடு போக மட்டும் அழைத்தார்களா?"

கொற்றவேலுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பந்தலுக்குக் கம்பை விட்டுவிட்டுத்தான் போனார்.

*

மறுநாள் குடிசை ஆட்கள் மொத்தமாகப் பந்தலுக்குள் நுழைந்தபோது நாதஸ்வரக்காரர் ஒரு கணம் வாசிப்பை நிறுத்திவிட்டார். வானவதி ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது?

"வாருங்கள்" என்றாள்.

"வந்துவிட்டோம்" என்று சிரித்தார் நீலாயி.

மணவறைக்கு முன்னால் தாய்மாமன் சீர் வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. பட்டு, பழம், பொன். பக்கத்தில் வேந்தனின் தூதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். தாலி கட்டும் முன் பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்களிடம் ஆசி வாங்க வந்தார்கள். நீலாயியின் முன்னால் வந்து குனிந்தார்கள்.

"என்னைவிட மூத்தவர் இதோ இருக்கிறார். இவர் காலில் விழுங்கள்" என்று அவர் கொற்றவேலைக் காட்டினார்.

குமுதை தயங்கவில்லை. விழுந்து எழுந்தாள். கொற்றவேலின் கை மேலே எழவில்லை. அவர் கண் அவள் இடுப்பில் இருந்த ஒட்டியாணத்தில் நிலைகுத்தி நின்றது. இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு வைத்த ஒட்டியாணம். ஒரு கிளிக்குச் சிவப்புக்கல் கண். இன்னொன்றுக்குக் கல் உதிர்ந்துபோய், யாரோ குன்றிமணியைப் பதித்திருந்தார்கள்.

"இது என் அப்பாவின் கைவேலை" என்றார் கொற்றவேல்.

குமுதைக்குப் புரியவில்லை. "என்ன சொல்கிறீர்கள், பெரியவரே?"

"அந்தக் குன்றிமணியை. என் அப்பாதான் பதித்தார். இது எங்கள் கல்வாரை அம்மனுடையது, தாயி. இதைக் கொடுக்க மாட்டோம் என்று வாசலில் நின்றவர்களைத்தான் உன் மாமன் பிடித்துக்கொண்டு போனான். என் தம்பியும் அதிலே ஒருத்தன்."

கத்த வேண்டும் என்று எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு. மெதுவாகத்தான் வந்தது.

குமுதை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "இது எங்கிருந்து வந்தது என்று மாமாவிடம் கேட்டாயா?"

"கேட்கவில்லை."

"ஏன்?"

வானவதி முந்தானையை முறுக்கினாள். "கேட்டால் சொல்லிவிடுவானே."

குமுதை ஒட்டியாணத்தைக் கழற்றினாள். இரண்டு கையாலும் கொற்றவேலிடம் நீட்டினாள். "அந்த ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், பெரியவரே?"

"தெரியாது. இருக்கிறார்களா என்றே தெரியாது."

"உப்பளத்தில்" என்றது ஒரு குரல். வானவதிதான். "கீழ்க்கடற்கரை உப்பளத்தில் வேலை வாங்குகிறார்கள். போன முறை வந்திருந்தபோது அண்ணன் சொன்னான். நான் கேட்காமலே சொன்னான்."

கொற்றவேல் அவள் பக்கம் திரும்பினார். "என் தம்பி உயிரோடு இருக்கலாம் என்று உனக்குத் தெரியும். நான் தினமும் உன் வீட்டு வாசல் வழியாகத்தானே தண்ணீருக்குப் போனேன்?"

அவர் ஓரடி முன்னால் வைத்தார். குடிசை ஆட்களும் எழுந்தார்கள். நீலாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"இப்போதுதான் பதில் வர ஆரம்பித்திருக்கிறது, கொற்றவேல். பாதியில் அடைத்துவிடாதீர்கள்."

கொற்றவேல் நின்றார்.

வானவதி அவரைப் பார்க்க முடியாமல் தூதனைப் பார்த்தாள். "தட்டுகளை எடு" என்றாள். "அப்படியே திருப்பிக் கொண்டுபோ. என் மகளுக்கு அவன் செய்ய வேண்டிய சீர் என்னவென்று நான் சொல்கிறேன். கல்வாரை ஆட்களை அனுப்பச் சொல். அவர்கள் இந்தக் கரையில் இறங்கினால்தான் அவள் கழுத்தில் தாலி ஏறும்."

"வேந்தர் கோபிப்பார், அம்மணி. இனி உங்களுக்கு ஒரு படகும் வராது."

"வர வேண்டாம்."

மாப்பிள்ளையின் தகப்பனார் பதறினார். "முகூர்த்தம் என்ன ஆவது?"

"நான் காத்திருக்கிறேன் அப்பா" என்றான் மாப்பிள்ளை. குமுதை முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது சரிடா. ஊருக்கே சமைத்து வைத்திருக்கிறதே, அது என்ன ஆவது?"

"அந்தக் கவலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்றார் நீலாயி.

யாரோ சிரித்தார்கள். பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. கட்டாத தாலிக்கு அன்று எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

திரும்பி நடக்கும்போது கொற்றவேல் ஒட்டியாணத்தைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். "அந்தப் பெண்மீது குற்றமில்லை, அம்மா" என்றார். "ஆனால் தாய்மீது உண்டு."

"நேற்று எல்லாம் ஒரே இரத்தம் என்றீர்களே?"

"நேற்று நான் அவர்களை இவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை."

மூன்று கிண்ணம் பாயசம் நீலாயியை மெதுவாக நடக்க வைத்தது.

*

தட்டுகள் திரும்பி வந்ததைக் கண்டு கோளரிவேந்தன் குதித்தான் என்று கேள்வி. தூதனைத் திட்டினான், தங்கையைச் சபித்தான். ஆனால் தங்கை மகளுக்குச் சீர் செய்ய வக்கில்லாத மாமன் என்று துறைமுகம் துறைமுகமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் படைக்கும் அஞ்சாதவனுக்கு அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை.

ஒரு காலையில் உப்பங்கழிக்குள் ஒரு படகு வந்தது. மெலிந்த ஆட்கள் இறங்கினார்கள். முழங்கால்வரை உப்பு அரித்த கால்கள். எல்லாரும் வரவில்லை. சிலர் உப்பளத்திலேயே இறந்துபோயிருந்தார்கள். சிலரை வேந்தன் விடவில்லை.

பூழியன் வந்திருந்தான். தாடியும் சடையுமாக இருந்தவனைக் கொற்றவேலுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன்தான் அண்ணனைக் கண்டுகொண்டான். சேற்றில் தடுக்கித் தடுக்கி ஓடி வந்து எதிரே நின்றான். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். கடைசியில் பூழியன் கேட்டான்:

"கன்றுக்குட்டி வாங்கினாயா, அண்ணா?"

கொற்றவேல் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். தம்பியைத் தூக்க முயன்று, இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அந்த வாரமே கல்யாணம் நடந்தது. இந்த முறை அழைப்போடு போனார்கள். குடிசைப் பெண்கள் குலவையிட்டார்கள். குமுதை ஒட்டியாணம் இல்லாத இடுப்போடு வந்து கொற்றவேலின் காலில் விழுந்தாள். அவர் கை தானாகவே எழுந்தது. "நன்றாக இரு, தாயி. நூறு வருஷம் இரு" என்றார். தாய்மாமன் இடத்தில் நின்று மாலை எடுத்துக் கொடுக்கப் பூழியனைக் கூப்பிட்டார்கள். அவன் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டான். நாலு பேர் இழுத்து வந்தார்கள்.

பந்தி ஆரம்பித்தது. வானவதி தன் கையாலேயே பரிமாறினாள். வரிசையாக வந்தவள் ஓர் இலைக்கு முன்னால் நின்றுவிட்டாள். அங்கே ஒரு பெண் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சிரிப்பும் பேச்சுமாக இருக்க, அவள் மட்டும் கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானவதி பின்வாங்கினாள். பாயசத் தூக்கோடு நீலாயி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள். பக்கத்து இலையில் கொற்றவேல் இருந்தார்.

"அது யார், அம்மா?"

"சேந்தி. அவள் புருஷன் படகில் வரவில்லை."

வானவதி தூக்கைக் கீழே வைத்தாள். "வேறு யாரையாவது பரிமாறச் சொல்லட்டுமா?"

"நீங்களே போங்கள்."

"நான் போனால், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே, அம்மா."

கொற்றவேல் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"கேட்பாள்" என்றார் நீலாயி. "அதற்குத்தான் போகச் சொல்கிறேன்."