தோல் ஏட்டில் ஓர் ஓட்டை

“புரொபசர், இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராது. இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்றாள் ஜெசிந்தா.

அவள் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவள். நாற்பத்தேழு வயதில் எபிரேய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் பழைய யூதச் சுவடிகளைப் பற்றி ஆன்லைனில் பாடம் நடத்தியது.

ஆசிரியை ஷிரா அவளைவிட இளையவர்.

“ஏன் நிறுத்த வேண்டும்?”

“மற்றவர்கள் அழிந்துபோன எழுத்தைக்கூட ஊகித்துச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இருக்கிற எழுத்தைப் படிக்கவே மூச்சு வாங்குகிறது.”

ஷிரா ஒரு தோல் ஏட்டின் படத்தைத் திரையில் போட்டார். பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் ஒரு கோட்டைக்கு வெளியே காத்துக் கிடக்கும் கதை. அதன் கடைசிப் பக்கம். நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை.

“இதைப் படித்துவிட்டுப் போங்கள்.”

ஜெசிந்தா வலமிருந்து இடமாக விரல் வைத்துப் போனாள்.

“வாசல்...”

ஓட்டை.

“...திறந்தது.”

“நடுவில் ‘இல்லை’ என்று இருந்திருக்கும்” என்றார் மார்ட்டின். வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவர். “எபிரேயத்தில் அது வினைக்கு முன்னால் வரும், இரண்டே எழுத்து. அந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். வாசல் திறக்கவில்லை. பாவம், எல்லாரும் வெளியிலேயே மடிந்தார்கள்.”

பலரும் தலையாட்டினார்கள்.

ஜெசிந்தா ஷிராவைப் பார்த்தாள்.

ஷிரா படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஓட்டையின் விளிம்பு மட்டுமே திரையை நிறைத்தது.

“ஓர் எழுத்துகூட அறுபடவில்லையே!” என்றாள் ஜெசிந்தா.

விரலைத் திரையில் ஒரு வரி கீழே நகர்த்தினாள்.

“கீழ்வரியில் அந்த உயரமான எழுத்தைப் பாருங்கள். ஓட்டையில் முட்டாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது.” அவள் குரல் உயர்ந்தது. “எழுதின பிறகு விழுந்த ஓட்டை என்றால் எழுத்தையும் தின்றிருக்கும். இது எழுதும்போதே தோலில் இருந்திருக்கிறது. எழுதினவர் ஒதுங்கிப் போயிருக்கிறார்!”

மார்ட்டின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கினார். “அட, ஆமாம்!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

ஷிரா கேட்டார்: “அப்படியானால் நடுவில் என்ன இருந்தது?”

“ஒன்றுமே இல்லை.”

“முழுதாகப் படியுங்கள்.”

படித்தாள்.

“இன்னும் சத்தமாக.”

ஜெசிந்தா நாற்காலியைவிட்டு எழுந்தாள். திரையிலிருந்து விரலை எடுத்தாள்.

“வாசல் திறந்தது!”