சிவப்புப் படிகமும் கொடுத்த வாக்கும்

முதலில் கேட்டது மழை. ஜன்னல் இல்லாத லேசர் அறையில் விளக்கை அணைத்துவிட்டால் தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தம் மட்டும்தான் மிச்சம். சுகிர்தா கொட்டாவியை விழுங்கிக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

மேசைமேல் கண்ணாடிப் பெட்டி. அதற்குள், அவள் கரைசலிலிருந்து மாதக்கணக்காய் வளர்த்தெடுத்த படிகம். நகத்தளவு, மாதுளை நிறம். லேசர் அதில் பாய்ந்தால் மறுபக்கம் டெராஹெர்ட்ஸ் என்னும் அலையின் துடிப்பு புறப்படும். கண்ணுக்குத் தெரியாது, திரையில் ஒரு மேடாகத் தெரியும். கூட வளர்ந்தவையெல்லாம் விரிசல் விட்டுப் போக, தேறியது இது ஒன்றுதான்.

ஆய்வு மாணவன் மன்சூர் வேலையை முடிக்கும்வரை அது அவனுக்கே என்று சுகிர்தா வாக்குக் கொடுத்திருந்தாள். அவன் லேசரை மிதமாக வைத்துப் பாதி அளவீடுகளை முடித்திருந்தான். மீதி இல்லாமல் ஆய்வேடு இல்லை. லேசர் பொறுப்பாளர் தில்லைவாணனுக்கு வேறு ஆசை. ஓய்வு பெறுமுன் லேசரை முழு வீச்சில் ஏற்றி, அங்கே யாரும் பார்த்திராத வலுவான துடிப்பை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். படிகம் தாங்குமா என்பது சந்தேகம்.

மழை பிடித்ததிலிருந்து திரையில் மேடு இளைத்துக்கொண்டே வந்தது. நைட்ரஜன் சிலிண்டர் கொண்டுவரும் லாரி வரவில்லை. பெட்டிக்குள் விடும் நைட்ரஜனை மன்சூர் நூலாகக் குறைத்து, இருப்பதை ஓட்டிக்கொண்டிருந்தான். சுகிர்தா டார்ச் அடித்துப் பார்த்தாள். படிகத்தில் நிறம் மங்கவில்லை, கீறலும் இல்லை. உள்ளே என்ன கோளாறோ என்று நினைத்துக்கொண்டாள்.

"அது போயிட்டிருக்கும்மா," என்றார் தில்லைவாணன். "போறதுக்குள்ள எனக்கு ஒரு தடவை குடு."

"உங்க கைக்கு வந்தா இன்னிக்கே போயிரும் சார்," என்றான் மன்சூர். "இளைச்சாலும் பரவால்லக்கா, நான் ஒப்பேத்திக்கிறேன். குடுக்காதீங்க."

"நாளைக்குச் சாகப்போறதுக்கு இன்னிக்குப் பத்தியம் போடுறான் பாரு."

யாரோடும் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. "எடுத்துக்குங்க சார்," என்றாள்.

லேசர் ஏறியது. திரையில் மேடு எழுந்தது, அவர் கனவு கண்டதில் பாதிகூட இல்லை. பெட்டிக்குள் 'டிக்' என்றது. படிகம் கருகிச் சிதறியிருந்தது.

வாக்கைக் கைவிட்ட சுகிர்தா, போகிற பொருள்தானே என்று கேட்ட தில்லைவாணன், கடைசிவரை மறுத்த மன்சூர். இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

மன்சூர் பக்கம்தான். ஆனால் துடிப்பு இளைத்ததும் அவனால்தான். காற்றின் ஈரம் டெராஹெர்ட்ஸைக் குடித்துவிடும். பெட்டிக்குள் நைட்ரஜன் விடுவதே அந்த ஈரத்தை வெளியேற்றத்தான். அதைக் குறைத்ததும் மழையின் ஈரம் உள்ளே புகுந்துவிட்டது. படிகத்திலிருந்து துடிப்பு முழுசாகத்தான் புறப்பட்டது, வழியில் இளைத்தது. தில்லைவாணன் நம்பியதைச் சொன்னார். சுகிர்தாதான் படிகம் நன்றாயிருப்பதைக் கண்ணால் கண்டும், ஏன் என்று கேளாமல் வாக்கைக் கைவிட்டாள். கருகாத சில்லு ஒன்றை வைத்து, மன்சூர் நைட்ரஜன் வால்வை முழுசாகத் திறந்தபோது மேடு நிமிர்ந்து நின்றது. ஆய்வேட்டுக்கு அந்தச் சில்லு போதாது.

"வால்வைக் கொறச்சது நான்தானக்கா," என்றான்.

"விடு," என்று சொல்லிவிட்டு, சுகிர்தா தொட்டியில் கிடந்த, படிகம் வளர்க்கும் பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்க்கத் தொடங்கினாள்.