நடுப்பக்கம் யார் கையில்?

மரகதம்மாளுக்கு மகள்கள் உண்டு. யாரும் வயிற்றில் பிறந்தவர்கள் அல்லர். வீட்டைவிட்டு வரும் இளைய திருநங்கையை, மூத்த திருநங்கை ஒருவர் குருவாக இருந்து மகளாக ஏற்றுக்கொள்ளும் முறைப்படி வந்தவர்கள். அவர்களில் கடைக்குட்டி சுருதி. அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவள் நூலகத்திலிருந்து பாதியிலேயே திரும்பி வந்தாள். கேட்டதற்கு, தான் போய் உட்கார்ந்தால் மேசையே காலியாகிவிடுகிறது என்றாள். நூலகர் நல்ல மனுஷி. கடைசி அலமாரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், தனி மேசை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"அங்க உக்காந்துக்கவா, இல்ல போறதையே விட்ரவா? நீங்க சொல்றபடி செய்றேம்மா."

"நாளைக்குக் காலைல நானும் வர்றேன்" என்றார் மரகதம்மாள்.

நூலகத்தின் படியேறும்போதே அவருக்கு நெஞ்சு கனத்தது. வந்து எத்தனையோ வருடமாயிற்று. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உள்ளே அதே பழைய தாள் மணம். ஒரு காலத்தில் காசு கேட்காமல் அவருக்கு நாற்காலி தந்த இடம் ஊரில் இது ஒன்றுதான். எவ்வளவு நல்ல காலைகள் அவை என்று நினைத்துக்கொண்டார். எல்லாமே நல்ல காலைகளா என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது.

நேரே செய்தித்தாள் மேசைக்குப் போய் நட்டநடுவில் உட்கார்ந்தார். சுருதியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். தேள் கொட்டியது போல அங்கிருந்தவர்கள் எழுந்து ஜன்னலோரம் போனார்கள்.

"பாத்தீங்களாம்மா?"

மரகதம்மாள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிளை நூலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகப் படிப்பார்கள். ஒருவர் கையிலுள்ள தாளைக் கேட்கலாம், பிடுங்கக் கூடாது. யாரும் எழுதி ஒட்டாத சட்டம் இது; ஒட்டிய சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கும். மரகதம்மாள், கட்டுரைகள் வரும் நடுப்பக்கத் தாளை மட்டும் உருவி மேசையில் விரித்துக்கொண்டார். ஆற அமர, எழுத்தெழுத்தாகப் படிக்கத் தொடங்கினார்.

ஜன்னலோரம் போனவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பக்கம் படித்தாயிற்று, விளையாட்டு படித்தாயிற்று, கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களைக்கூடப் படித்தாயிற்று. எல்லார் கண்ணும் நடுப்பக்கத்தின் மேலேயே இருந்தது. சுருதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொடுத்துவிடுங்கள் என்று குருவின் முந்தானையை இழுத்தாள்.

"ஆடிக் கறக்குற மாட்ட ஆடித்தான் கறக்கணும். சும்மா இரு."

கடைசியில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அந்த நடுப்பக்கம் முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல சார். உக்காருங்க. இந்தப் பாதிய நீங்க படிங்க, அந்தப் பாதிய நான் படிக்கிறேன்."

பெரியவர் தயங்கினார். மானமா, கட்டுரையா என்று ஒரு கணம் பார்த்தார். கட்டுரை ஜெயித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குனிந்து படிக்க ஆரம்பித்தார்.

மரகதம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதன்முதலாகப் புடவை கட்டிக்கொண்டு இங்கே வந்த அன்று, ரயிலில் கார்டாக வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் எத்தனையோ காலைகள் இருவரும் ஒரே தாளை ஆளுக்கொரு பாதியாகப் படித்தார்கள். பெயரைக்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. அந்த மனிதர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த மேசைக்கு வர மரகதம்மாளுக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு அவரை நினைக்க ஏக்கமாக இருந்தது.

நூலகர் வந்து, பின்னால் மேசை தயாராக இருப்பதாகச் சுருதியிடம் மெல்லச் சொன்னார். சுருதி எழுந்திருக்கவில்லை. தாளில் மூழ்கிக் கிடந்த பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குருவின் காதோரம் குனிந்தாள்.

"ஏம்மா, இவரு இவ்ளோ நேரமா நம்மள ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலையே."

"அதுக்குத்தாண்டி நான் அந்தக் காலத்துல தினமும் வந்தேன்."