பதினேழாம் நம்பர் புத்தகம்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை, எனக்கும் இன்றைக்கு அவ்வளவு தெம்பில்லை.

பாளையங்கோட்டையில் கோமதிநாயகம் என்று ஒருத்தர், சர்பத் கடை வைத்திருக்கிறார். வயசு அறுபதை ஒட்டி இருக்கும். அவருக்கு ஒரு குரு உண்டு. குருவுக்கு வயசு நாற்பத்திச் சொச்சம்தான். எஸ்தர் ரத்னபாய் என்று பேர். கிழிந்து நைந்த பழைய காமிக்ஸ் புத்தகங்களை ஒட்டி, குத்தியிருக்கிற பின்னை மாற்றி, மறுபடி புத்தகமாக்கிக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடப் பாடம் எடுத்தவள் கிடையாது. ஆனாலும் காமிக்ஸ் சேர்க்கிற கூட்டம் முழுக்க அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். எனக்கு மகள் வயசு, அதனால் அவள் இவள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு கோமதிநாயகம் அவள் வீட்டுக்குப் போய்விடுவார். கட்டி தட்டாமல் பசை காய்ச்சப் படித்தார். துருப்பிடித்த பின்னைத் தாள் நோகாமல் உருவப் படித்தார். கிழிசலுக்குப் பின்னால் வெங்காயத் தோல் மாதிரி தாள் கொடுத்து ஒட்டவும் கை பழகிவிட்டது. ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. எந்தப் புத்தகத்தைக் கண்டாலும் முதல் கேள்வி, “இது என்ன தரம், டீச்சர்?”

அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய. இந்தப் புத்தகமெல்லாம் போனிலே, குழுவிலே ஏலம் போகிறது. அங்கே தரம்தான் பேச்சு. கசங்காமல் கிழியாமல் இருப்பது முதல் தரம், ஒட்டுப்போட்டது ரெண்டாம் தரம், அட்டை போனது மூன்றாம் தரம். ஒரு தரம் இறங்கினால் விலை படியில் உருண்ட தேங்காய்தான்.

அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி, படகோட்டி சிங்கராயன் கதைகள் என்று நாற்பது புத்தகம் போட்டுவிட்டு மூடிவிட்டது. கோமதிநாயகத்திடம் பதினேழாம் நம்பர் தவிர எல்லாம் இருக்கிறது. எல்லாமே முதல் தரம். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி அவர் மனசு அந்தப் பதினேழுக்கே போய்ப் போய் நிற்கும்.

வெறும் நம்பர் என்றால் பரவாயில்லை. பதினாறாம் நம்பரின் கடைசிப் பக்கத்தில் சிங்கராயன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முத்தெடுக்கச் சுறாக்குடாவில் முங்குகிறான். மேலே படகில் இருக்கிற கூட்டாளி கத்தியை எடுத்துக் கயிற்றில் வைக்கிறான். மீதி அடுத்த இதழில் என்று போட்டுவிட்டான். அந்த அடுத்த இதழ்க் கட்டு மழையில் நனைந்துபோக, பாளையங்கோட்டைக் கடைக்கு அது வரவே இல்லை. அப்போது கோமதிநாயகம் டவுசர் போட்ட பையன். இப்போது பேரன் எடுத்தாச்சு. தண்ணிக்குள் போனவன் இன்னும் மேலே வரவில்லை.

யாராவது கதையைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வார். பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினால் பார்க்காமல் அழித்துவிடுவார். புத்தகம் கைக்கு வரட்டும் என்பார். ஏலத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் தட்டிக்கொண்டு போவார்.

அவர் சம்சாரம் சண்முகவடிவு சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். இந்த வீட்டில் மனுஷர் கொசுக்கடியில் புரளுகிறோம், புத்தகம் மட்டும் பாலிதீன் உறைக்குள்ளே சொகுசாகத் தூங்குது என்பாள். பொய் இல்லை. உறையில் போட்டு அடுக்கினவர் அதில் ஒன்றைக்கூடப் பிறகு பிரித்ததில்லை. பிரித்தால் தரம் இறங்கிவிடுமே.

இப்படி இருக்கையில் தென்காசிக்காரர் ஒருத்தர் பதினேழாம் நம்பரை ஏலத்துக்கு விட்டார். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு முடிவு. புத்தகம் எஸ்தர் வீட்டில்தான் இருந்தது. முதுகு பிரிந்து, ஒரு பக்கத்தின் மூலை எலி கடித்து வந்ததை அவள்தான் சரிபண்ணியிருந்தாள். விற்கிறவரும் ஒளிக்கவில்லை, டீச்சர் கை பட்டது என்றே போட்டிருந்தார்.

அதிலேதான் குழுவில் சண்டை. டீச்சர் ஒட்டினால் முதல் தரம்தான் என்று ஒரு கட்சி. ஒட்டு ஒட்டுதான், ரெண்டாம் தரம் என்று இன்னொரு கட்சி. எலி கடித்த மூலையில் சிங்கராயன் பேசுகிற வசனம் போயிருந்தது. அந்த இடத்தில் அவள் வெள்ளைத் தாளை ஒட்டி, படத்தின் கோட்டை மட்டும் சேர்த்து, வசனத்தை எழுதாமல் விட்டிருந்தாள். வேறு பிரதியைப் பார்த்து எழுதியிருக்கலாமே என்று ஒருத்தர் கேட்டதற்கு, இதிலே இல்லாததை நான் எப்படி எழுத என்று சொல்லிவிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கோமதிநாயகம் வந்து சேர்ந்தார். கையில் போன். நாலைந்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை, கண் உள்ளே போயிருந்தது. எஸ்தரும் ஈரத்துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குப் போன் மேல் போன், எல்லாம் ஒரே கேள்வி.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்.”

“தெரியும் அண்ணாச்சி.”

“இது முதல் தரமா, ரெண்டாம் தரமா? முதல் தரம்னு உங்க வாயால வந்துட்டா, கடைக்கு ஐஸ்பெட்டி வாங்கச் சேத்ததப் பூராத்தையும் வச்சிருவேன். ரெண்டாம் தரம்னா பாதியோட நின்னுக்கிடுதேன்.”

எஸ்தர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பதினேழாம் நம்பரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“படிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

அவர், ஏலத்தில் நிற்கிற புத்தகத்தைப் பிரிக்கலாமா என்று கேட்டார். ஏலம் கேட்கிறவர்கள் நேரில் வந்து பார்க்கலாம் என்று விற்கிறவரே போட்டிருக்கிறார், ஒருத்தரும் வரவில்லை, நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்றாள் அவள்.

அவர் ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறுகையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“ஒத்தக் கையில பிடிச்சா முதுகு போயிரும். நான் சொல்லித் தரலியா?”

சொல்லித் தந்திருந்தாள். கோமதிநாயகம் போனை மேஜையில், கண்ணுக்கு எதிரே, மல்லாக்க வைத்தார். உள்ளங்கை ரெண்டையும் சேர்த்து ஏந்தினார். அவள் அதன் மேல் புத்தகத்தை வைத்தாள். பிறகு தன் மேஜைக்குப் போய், வேறு எதற்கோ பசை தடவ உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் ஒட்டைத்தான் பார்த்தார். முதுகைச் சாய்த்துப் பார்த்தார், பின்னைப் பார்த்தார். போன் புர்ரென்றது. யாரோ விலையை ஏற்றியிருந்தார்கள். தான் நினைத்திருந்த தொகைக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது, கடைசியில் ஒரே அடியாக ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். முதல் பக்கத்தைத் திருப்பினார்.

கயிறு அறுந்தது.

போன் புர்ரென்றது. சிங்கராயன் கீழே கீழே போனான். சுறா ஒன்று பக்கத்தில் வந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. கோமதிநாயகத்துக்கு மூச்சு முட்டியது. மேலே படகில் கூட்டாளி முத்துப் பையை மடியில் வைத்துச் சிரிக்கிறான். போன் மேஜையில் ஊர்ந்து ஊர்ந்து, காய்ந்துபோன பசைக்கிண்ணம் ஒன்றில் இடித்து நின்றது. ஒரு விரல் போதும், நீட்டித் தட்டிவிடலாம். இந்தப் பக்கம் முடியட்டும் என்று இருந்தார். அடுத்த பக்கத்திலும் அப்படியே இருந்தார். புத்தகத்துக்கு அடியில் இருந்த கை வரமாட்டேன் என்றது.

அந்த மூலை வந்தது. படகின் மறுபக்கத்தில் ரெண்டு கை விளிம்பைப் பிடிக்கிறது. தலை வருகிறது. தண்ணி ஒழுக ஒழுகச் சிங்கராயன் வாயைத் திறக்கிறான். வசனம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது.

கோமதிநாயகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னை அறியாமல், வாய்விட்டு, “ஏல, நான் இங்கனதாம்ல இருக்கேன்” என்றார்.

எஸ்தர் கையில் தூரிகை நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் மீதியைப் படித்தார். கூட்டாளி காலில் விழுந்தான், சிங்கராயன் அவனையே துடுப்புப் போட வைத்துக் கரைக்கு வந்தான், விளம்பரம் வந்தது, பின்னட்டை வந்தது. புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு இருந்தார். அறையில் வெளிச்சம் மங்கியிருந்தது. போன் சத்தம் நின்று நேரமாகியிருந்தது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எடுத்துப் பார்த்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று குழுத்தலைவர் போட்டு முடித்திருந்தார். கரூர்க்காரர் ஒருத்தருக்குப் போயிருந்தது. கோமதிநாயகம் வைத்திருந்ததில் பாதிகூட இல்லை அந்த விலை.

அவருக்குக் கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, டீச்சர்.”

“நீங்க தண்ணிக்குள்ள இருந்தீங்க அண்ணாச்சி.”

அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். ரெண்டு கையாலும்தான் கொடுத்தார்.

“சரி, போனது போகட்டும். கேட்டதுக்காவது பதில் சொல்லுங்க. இது முதல் தரமா, ரெண்டாம் தரமா?”

“இப்பப் படிச்சீங்கள்ல, இது எத்தனாவது தரம்?”

“இதென்ன கேள்வி. வாழ்க்கையிலயே இதான் முதல் தரம்.”

“அப்ப முதல் தரந்தான்.”

சொல்லிவிட்டு எஸ்தர் புத்தகத்தைப் பழுப்புத் தாளில் சுற்றினாள். மேலே, குழுவில் வந்திருந்த கரூர் விலாசத்தை எழுதினாள். சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் கொண்டுவந்து ஒரு சுற்றுப் போட்டு, அவர் பக்கம் பார்சலை நகர்த்தி, முடிச்சு விழுகிற இடத்தில் விரலை வைக்கச் சொன்னாள்.