இலையில் காய் முந்தி வந்த கதை

அந்தக் காலத்தில் காய்களும் கீரைகளும் பேசின. பறிக்கப் போகிறவர்கள் செடியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். "என்னை இன்னைக்கே பறிச்சிடு, நாளைக்கு முத்திப் போயிடுவேன்" என்று கத்தரிக்காய் சொல்லும். "எனக்கு இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்று அவரைக்காய் சொல்லும். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் அவற்றுக்கு மதிப்பே இல்லை. இலை போட்டதும் சோற்றைக் குவிப்பார்கள், குழம்பை ஊற்றுவார்கள். வயிறு நிறைந்து ஏப்பம் வருகிற நேரத்தில்தான் காயும் கீரையும் வரும். அப்போது யார் தின்பது? ஓரத்தில் கிடந்து மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

மருதாயி வீட்டிலும் அப்படித்தான். அவள் கொல்லையில் பறங்கி, அவரை, கத்தரி, ஒரு முருங்கை மரம். எல்லாம் அவள் கையால் வைத்தவை. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினாள். அவள் புருஷன் முத்திருளன் நல்ல உழவன்தான். ஆனால் இலையில் காய் விழுந்தால், பூச்சி விழுந்ததுபோல் புறங்கையால் ஒதுக்குவான். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆறு வயது மகள் காத்தாயி அதைப் பார்ப்பாள். அவளும் அதேபோல் புறங்கையால் ஒதுக்குவாள்.

"ஒரே ஒரு துண்டு தின்னு கண்ணு" என்பாள் மருதாயி.

"அப்பா தின்னலையே."

"பச்சைப் புள்ளைக்கு ஊட்டக்கூடத் தெரியலை உனக்கு" என்று சொல்லிவிட்டு முத்திருளன் கை கழுவப் போய்விடுவான்.

மருதாயிக்குச் சுருக்கென்று இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இலைகளை எடுப்பாள்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த காத்தாயி வீட்டை நோக்கி ஓடி வந்தாள். வாசலில் ஆடு கட்டுகிற கட்டுத்தறியில் நேராகப் போய் மோதி விழுந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

"கண்ணு முன்னாடி இருக்குடி கட்டுத்தறி! தெரியலையா?" என்று ஓடி வந்து தூக்கினாள் மருதாயி.

"வெளிச்சம் இறங்கினா எனக்கு ஒண்ணும் தெரியலைம்மா" என்றாள் குழந்தை.

வைத்தியர் வந்து கண்ணை விரித்துப் பார்த்தார். "இது மாலைக்கண். முருங்கைக்கீரையும் பறங்கிக்காயும் உள்ளே போகணும். இப்படியே விட்டா பகலும் மங்கும்" என்றார்.

வாசலில் அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் முத்திருளன் மருதாயியைப் பார்த்துச் சொன்னான். "கொல்லை நிறைய வச்சுக்கிட்டு பெத்த புள்ளைக்கு ஊட்டத் துப்பில்லாதவ."

மருதாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவள் நெஞ்சில் உலை கொதித்தது.

மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனவள் திகைத்து நின்றாள். பறங்கிக் கொடி பந்தலைப் பற்றியிருந்த சுருள்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தது. அவரையின் பாதி உடம்பு வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. கத்தரிச் செடி வேரை ஆட்டி ஆட்டி மண்ணை உதறிக்கொண்டிருந்தது.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"காட்டுக்கு" என்றது பறங்கி. "வெயிலைக் குடிச்சு வளர்ந்தோம். நீ கேட்டப்ப எல்லாம் காம்பை நீட்டினோம். எதுக்கு? மாட்டுத் தொட்டிக்கா? நேத்து அந்தப் புள்ள விழுந்தப்ப நாங்களும்தான் பார்த்தோம். அவளுக்கு ஆகாத நாங்க இங்கே இருந்து என்ன? எல்லாம் உன்னாலதான், மருதாயி. தொட்டியில கொட்டுற கை உன் கைதானே?"

அவ்வளவுதான். கூடையைத் தூக்கிக் கீழே அடித்தாள் மருதாயி.

"நீங்களுமா? அந்த மனுஷன் சொன்னது போதாதுன்னு நீங்களும் என் மேலேயே ஏறுறீங்களா? குழி வெட்டினது யார்? தண்ணி சுமந்து தோள் காய்ச்சுப் போனது யாருக்கு? அரிஞ்சது, வேகவச்சது, தாளிச்சது, பின்னாலேயே போய்க் கெஞ்சினது எல்லாம் நான்! ஒதுக்கினது யார் கை? அதைக் கேட்க ஒருத்தருக்கும் நாக்கு வரலை. ஊருக்கும் வரலை, உங்களுக்கும் வரலை!"

வேலி தாண்டிய அவரை மெல்லத் தலையைத் திருப்பியது.

"நீ கேட்டது நியாயம்" என்றது பறங்கி, குரல் தணிந்து. "அந்தப் புள்ளையோட கண்ணு உன் கையைப் பார்க்கலை. அப்பன் கையைத்தான் பார்க்குது. சரி, இன்னைக்கு ஒரு வேளை வர்றோம். இன்னைக்கும் ஓரத்துக்குப் போனா, பொழுது சாயறதுக்குள்ள காடுதான்."

உச்சி வெயிலில் முத்திருளன் வயலிலிருந்து வந்தான். விடியலிலிருந்து ஏர் பிடித்த பசி. உட்கார்ந்தான். காத்தாயியும் உட்கார்ந்தாள். மருதாயி இலை போட்டாள். இலையின் மேல்பக்கத்தில் பறங்கிக்காய்க் கூட்டு வைத்தாள், அவரைக்காய்ப் பொரியல் வைத்தாள், முருங்கைக்கீரை வைத்தாள். பிறகு சோற்றுப் பானையை மூடிவிட்டு அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"சோறு எங்கே?"

"வரும். முதல்ல அது."

"என்ன புது வழக்கம் இது? ஊர் உலகத்துல எவ இப்படிப் பரிமாறுறா?"

"நான் பரிமாறுறேன்."

அவன் எழுந்தான். "நகரு. நானே போட்டுக்கிறேன்."

அகப்பையைக் கையில் பிடித்தபடி அவள் நகராமல் நின்றாள். "நேத்து ஊரைக் கூட்டி என்னைத் துப்பில்லாதவன்னு சொன்னீங்க. இப்ப நான் கேட்கிறேன், பதில் சொல்லுங்க. இத்தனை வருஷத்துல இவ முன்னாடி ஒரு துண்டு பறங்கிக்காய் தின்னிருக்கீங்களா? நீங்க கையைத் திருப்பினீங்க, அவளும் திருப்பினா. நான் ஊட்டலைன்னு சொல்றீங்களே, நீங்கதானே அவளுக்கு ஒதுக்கக் கத்துக்கொடுத்தீங்க! அவளுக்கு நாளைக்குப் பகலும் தெரியாமப் போனா, அப்பவும் என்னையே ஏசுவீங்களா?"

முத்திருளன் மகளைப் பார்த்தான். நெற்றியில் மஞ்சள் பத்து போட்ட அந்தக் குழந்தை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தொங்கிய அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது என்ன செய்யப்போகிறது என்று.

அவன் உட்கார்ந்தான். ஒரு துண்டு பறங்கிக்காயை எடுத்து வாயில் போட்டான். காத்தாயியும் ஒரு துண்டு எடுத்துப் போட்டாள். முகத்தைச் சுளித்தாள், துப்புவதற்கு வாயைக் குவித்தாள். அப்பன் அடுத்த துண்டை எடுப்பதைக் கண்டதும் விழுங்கிவிட்டாள். அவன் கீரையை எடுத்தான், அவளும் எடுத்தாள்.

"உப்பு கம்மி" என்றான் முத்திருளன், யார் முகத்தையும் பார்க்காமல். ஆனால் இலையின் மேல்பக்கம் முழுவதும் காலியாகியிருந்தது. அதன் பிறகுதான் மருதாயி பானையின் மூடியைத் திறந்தாள்.

கொல்லையில் பறங்கிக் கொடி மறுபடி பந்தலைச் சுற்றிக்கொண்டது.

"மருதாயி வீட்டுல அரிசிப் பஞ்சம், அதான் காயைப் போட்டு வயித்தை அடைக்கிறா" என்று ஊர் சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து, பொழுது சாய்ந்த பிறகும் காத்தாயி தெருவில் ஓடிப் பிடித்து விளையாடியதை எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்குக் காது குத்தியபோது ஊரே பந்தியில் உட்கார்ந்தது. எல்லா இலையிலும் காய்தான் முதலில் விழுந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெரியவர்கள் எடுத்தார்கள், பிள்ளைகளும் எடுத்தார்கள்.

அன்று முதல்தான் நம் பந்தியில் கூட்டும் பொரியலும் கீரையும் இலையின் மேல்பக்கத்தில் முதலில் வந்து உட்காருகின்றன. சோறு எவ்வளவு சூடாக இருந்தாலும் காத்திருந்து பின்னால்தான் வருகிறது.