திரௌபதிக்குப் போட்ட மார்க்

கலைக்குழுக்களுக்கான நிதியை யாருக்குத் தருவது என்று, ஊர்க் கூட்டத்தோடு மேடைக்கு முன்னால் மார்க் போட உட்கார்ந்தவர் பேரூராட்சித் தலைவர் தணிகாசலம். மச்சானின் கச்சேரிக் குழுவுக்குத் தொண்ணூறு போட்டார். கூத்துக் குழு வந்தபோது போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே இருபது போட்டார்.

கோமாளி வேஷம் கட்டும் அங்கப்பன் கைகட்டி நின்றான். "எதுல குறை, ஐயா?"

"திரௌபதி அழுகையில உயிரே இல்லப்பா. இப்பவே சரிபண்ணிக் காட்டு, நிதி உனக்குத்தான்."

அங்கப்பன் மேடைத் திரையை விலக்கினான். உள்ளே திரௌபதி வேஷக்காரர் பாதி மீசையை மழித்த முகத்தோடு கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் ஆட்டத்துக்கு முந்தி அடிக்கிற மேளம்தான் அடிச்சோம், ஐயா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அங்கப்பன் கட்டிய கையை அவிழ்க்காமல் கேட்டான்: "மேடைக்கே வராம உங்க முன்னால அழுதுட்டாரே, அதுக்கே நூறு போடலாமே ஐயா?"