சாலாட்சியம்மாளின் சண்டை

அம்பலவாணருக்குப் பொறாமை. காசு பணத்தின் மேல் வந்த பொறாமையாக இருந்தாலும் தேவலை, இது இன்னொருத்தியின் பக்தி மேல் வந்தது. அறுபது வயதில் இப்படி ஒன்று வந்தால் மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

ஆற்றங்கரை மடத்தில் அவர் ஒரு சீடர், சாலாட்சியம்மாள் ஒரு சீடர். போன வெள்ளத்தில் அந்த அம்மாளின் புருஷன், ஒரே மகன், அரிசி ஆலை எல்லாம் போய்விட்டது. அப்படியும் விடிவதற்கு முன்னால் முருகன் சந்நிதியில் விளக்கேற்ற வந்துவிடுவாள். "நம்பிக்கைன்னா அது நம்பிக்கை" என்று மடமே வாயைப் பிளக்கும்.

அம்பலவாணரின் மகன் தென்னை மரத்திலிருந்து விழுந்து, கால் விளங்காமல் படுத்துக் கிடக்கிறான். அன்றிலிருந்து இவருடைய வாய் போற்றி சொல்லுமே தவிர உள்ளே ஒன்றும் அசைவதில்லை. பூசை நேரத்தில் எல்லோரும் முருகனைப் பார்ப்பார்கள். இவர் சாலாட்சியைப் பார்ப்பார். அந்த முகத்தின் அமைதியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

ஒரு நாள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு குருவிடம் போனார். குரு உமையாள் அம்மை, அவரைவிட வயதில் மிகவும் இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தாயே, நான் ஊருக்குப் போறேன்."

"ஏன் ஐயா?"

"என் பிள்ளை விழுந்தப்போ என் நம்பிக்கையும் கூடவே விழுந்துருச்சு. அந்தம்மாவுக்கு எல்லாம் போயும் அது மட்டும் போகலை. அவங்களுக்குக் கொடுத்ததை முருகன் எனக்கு ஏன் கொடுக்கலை?" குரல் உடைந்தது. "பொறாமையா இருக்கு தாயே. தூக்கமே வரலை."

அம்மை ஒரு தண்டை ஒடித்துப் போட்டார்.

"நாளைக்கு எண்ணெய்த் தூக்கை எடுத்துக்கிட்டு அவங்ககூட சந்நிதிக்குப் போங்க. அப்புறமா ஊருக்குப் போகலாம்."

மறுநாள் விடியற்காலை சாலாட்சியம்மாள் சந்நிதிக் கதவைத் திறந்தாள். விளக்கில் எண்ணெய் ஊற்றினாள். பிறகு அம்பலவாணரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்கய்யா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பேச்சு இருக்கு."

முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ஏண்டா, உனக்கெல்லாம் எதுக்குடா வேலு? என் பிள்ளை தண்ணியில போறப்போ நீ எங்க போயிருந்த? மயில் மேல ஏறி ஊர் சுத்தப் போயிருந்தியா? உன்னை இப்படிப் பறிகொடுத்திருந்தா உங்கம்மா சும்மா இருந்திருப்பாளா? சொல்லு. வாயைத் தொறந்து சொல்லு."

அம்பலவாணர் தூக்கைப் பிடித்தபடி வெலவெலத்துப் போனார். அந்த அம்மாள் திட்டினாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். கடைசியில் திரியைத் தூண்டிவிட்டு, சிலைமேல் தெறித்திருந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தாள்.

"நாளைக்கு வர்றேன். இது இன்னும் முடியலை."

அவள் வெளியே வந்தபோது முகத்தில் அதே அமைதி இருந்தது.

அம்பலவாணருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பொய் சொல்வானேன், பெரிய சந்தோஷம்தான். தூக்கோடு குருவிடம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"தாயே, அந்தம்மாவுக்கு நம்பிக்கையும் இல்லை, ஒண்ணும் இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டுறாங்க."

"யாரை?"

"முருகனைத்தான்."

"ஆள் இல்லாத வீட்டு வாசல்ல நின்னு யாராவது சண்டை போடுவாங்களா ஐயா?"

அம்பலவாணர் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்க பிள்ளை விழுந்த பிறகு நீங்க முருகன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"தினமும் போற்றி சொல்றேன் தாயே."

"போற்றியைக் கேட்கலை. பிள்ளையைப் பத்தி என்ன சொன்னீங்க?"

அம்பலவாணர் மூட்டை கிடந்த பக்கம் போகாமல், தூக்கோடு சந்நிதிக்குப் போனார்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவன் எழுந்து நடந்து..." என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. கையிலிருந்த தூக்கை ஓங்கித் தரையில் வைத்தார். எண்ணெய் சிதறியது. "அவன் உனக்கு என்னடா பண்ணினான்?"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. சத்தம் கேட்டு வெளியே யாரோ ஓடி வருவதும், கதவைத் தள்ளப் பார்ப்பதும் அவருக்குக் கேட்டது. அம்மையின் குரலும் கேட்டது.

"இப்போ போகாதீங்க. உள்ள ரெண்டு பேர் பேசிக்கிட்டு இருக்காங்க."